மதுரைக்குப் பக்கத்துல இருட்டு வானம்: ராமநாதபுரம் கடற்கரையில இடம் புடிச்ச ஒரு நிகழ்வு ஆய்வு

ராத்திரி நட்சத்திரம் பாக்கப் போற எங்க செட்டுக்கு வேண்டியது பெரிய விஷயமெல்லாம் இல்ல. சனிக்கிழமை மத்தியானம் சாப்ட்டு மதுரைல வண்டிய எடுத்தா மூணு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேரணும், தெக்கு வானம் கீழ வரைக்கும் மறைப்பில்லாம தெரியணும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யாரும் கெளப்பி விடக்கூடாது, அவ்ளோதான். கொடைக்கானல் போலாமேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சூரியனைப் பாக்குற ஆய்வுக்கூடம் நூறு வருஷத்துக்கு மேல அங்க இருக்கு, உண்மைதான், ஆனா வீக்எண்டுல ஏறுறதுக்கே பாதி ராத்திரி போயிரும், ஏறுனதுக்கப்புறம் மூடுபனி வந்துச்சுன்னா போர்வையப் போத்திட்டுப் படுக்க வேண்டியதுதான், அதோட மலை ஓரத்துல எந்தத் திசையாவது ஒண்ணு மறைஞ்சே தீரும்.

தெக்கு ஏன் முக்கியம்னா, நம்ம ஊரோட வசதியே அதான். ராமநாதபுரம் கடற்கரை கிட்டத்தட்ட 9 டிகிரி வடக்கு அட்சரேகைல இருக்கு. தெக்குச் சிலுவையோட அடி நட்சத்திரம் இங்க 17, 18 டிகிரி ஒசரத்துக்கு ஏறும், டெல்லில அது உதிக்கறதே இல்ல. ஆல்ஃபா சென்டாரி 20 டிகிரி, அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) 28, ஒமேகா சென்டாரி கொத்து 33 டிகிரி வரைக்கும் போகும். வடநாட்டுக்காரன் ஆசைப்பட்டாலும் இவ்ளோ ஒசரத்துல கெடைக்காத சமாச்சாரம் இது. அதனால இடம் தேடும்போது எங்க கேள்வி எங்க இருட்டா இருக்குங்கறது இல்ல, எங்க தெக்குப் பக்கம் இருட்டா இருக்குங்கறதுதான். இந்த ரெண்டும் வேற வேற கேள்வி. இதப் புரிஞ்சுக்கிட்டதுக்கப்புறம்தான் தேடுற வேலை உருப்படியா போச்சு.

மொதல்ல எல்லாரும் செய்யறதத்தான் நாங்களும் செஞ்சோம், ஒளி மாசு மேப்பைத் திறந்து வச்சு எங்க கருப்பு எங்க நீலம்னு பாத்தோம். அந்த மேப்புல மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, 2016ல வந்த உலக அட்லஸ்ல ஆரம்பிச்சு இப்ப ஆப்ல வர்ற கலர் வரைக்கும் பெரும்பாலும் உச்சி வானத்தோட வெளிச்சத்தத்தான் காட்டுது, அதாவது தலைக்கு நேர் மேல. நமக்கு வேண்டிய 20 டிகிரி ஒசரத்தப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ரெண்டு, அந்தக் கணக்குக்கு அடிப்படை 2011ல அனுப்புன சுவோமி என்பிபி செயற்கைக்கோள்ல இருக்கற கருவி. அது நம்ம ஊர் மேல போற நேரம் ராத்திரி ஒண்ணரை மணி வாக்குல. எட்டு மணிக்கு எரியற கடை லைட்டு, கல்யாண மண்டப லைட்டு, டோர்னமென்ட் லைட்டு எதுவும் அதுக்குத் தெரியாது. மூணாவதுதான் ரொம்ப வில்லங்கம். அந்தக் கருவி 500 நானோமீட்டருக்குக் கீழ இருக்கற நீல ஒளிய பாக்காது. பழைய மஞ்ச சோடியம் லைட்டைக் கழட்டிட்டு வெள்ளை எல்இடி போட்டா, வானத்துக்கு சேதாரம் கூடும், ஏன்னா நீலம்தான் காத்துல அதிகமா சிதறும், ஆனா மேப்புல அந்த ஊர் முன்னவிட இருட்டான மாதிரி காட்டும். நம்ம பக்கம் பஞ்சாயத்து பஞ்சாயத்தா எல்இடி மாத்தியாச்சு. அப்ப மேப்பை எவ்ளோ நம்பலாம்னு நீங்களே பாத்துக்கங்க.

அதுனால பேப்பர்ல ஒரு கணக்கு போட்டோம். மெர்ல் வாக்கர்னு அமெரிக்க வானியலாளர் ஒருத்தர் 1977ல ஒரு சூத்திரம் குடுத்தாரு. ஊரோட ஜனத்தொகைய நூறால வகுத்துக்கணும், அத தூரத்தோட (கிலோமீட்டர்ல) இரண்டரை அடுக்கால வகுக்கணும், வர்ற எண்ணுதான் அந்த ஊர் இருக்கற திசைல, பாதி வானம் ஒசரத்துல, இயற்கையான இருட்டு மேல எவ்ளோ வெளிச்சம் கூடுதுங்கற பங்கு. அந்தக் காலத்து அமெரிக்க ஊர்களுக்கு வந்த கணக்குதான், நம்ம ஊர் ஜனத்துக்கு லைட்டு கம்மி, ஆனா ஒப்பிட்டுப் பாக்க இது போதும். 2011 ஜனத்தொகைய வச்சு நாங்க போட்டது: ராமநாதபுரம் டவுனு சுமார் 61 ஆயிரம் பேரு. தேவிபட்டினத்துல நின்னா அது 14 கிலோமீட்டர்தான், 83 சதவீதம் கூடுதல் வெளிச்சம். வாலிநோக்கத்துல நின்னா 30 கிலோமீட்டர், அதே ஊரு 12 சதவீதமா இறங்கிருது. இப்ப வேடிக்கையப் பாருங்க. வாலிநோக்கத்துல இருந்து நேர்கோட்டுல 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கற பத்து லட்சம் பேரு மதுரை குடுக்கறது 10 சதவீதம், 15 கிலோமீட்டர்ல இருக்கற 38 ஆயிரம் பேரு கீழக்கரை குடுக்கறது 44 சதவீதம். மதுரையத் தாண்டி வந்துட்டோம்னு நிம்மதியா இருக்கறவங்கள பக்கத்து சின்ன ஊரு கவுத்திரும்.

ஆனா கீழக்கரை வாலிநோக்கத்துக்கு வடகிழக்குல இருக்கு. நாம பாக்கப் போறது தெக்கு. முதுகுக்குப் பின்னால இருக்கற வெளிச்சம் இருந்துட்டுப் போகட்டும்.

இந்தக் கண்ணோட ஒவ்வொரு இடமா பாத்தா பட்டியல் சரசரன்னு சுருங்கிருச்சு.

தனுஷ்கோடியத்தான் எல்லாரும் மொதல்ல சொல்லுவாங்க. வானத்த மட்டும் வச்சுப் பாத்தா அதுக்கு ஈடு இல்ல, 1964 புயலுக்கு அப்புறம் ஊரே இல்லாமப் போச்சு, ராமேஸ்வரம் வடமேற்குல 18 கிலோமீட்டர், தெக்க மன்னார் வளைகுடா. கிழக்க தலைமன்னார் 30 கிலோமீட்டர்ல கெடக்கு, அங்கிட்டு கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், பெருசா இல்ல. 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்துக்கு ஜனம் அங்க குவிஞ்சதும் சும்மா இல்ல. ஆனா அது பகல்ல நடந்தது. பொழுது சாஞ்சா வெளியூர் வண்டிய அரிச்சல்முனைல நிக்க விடமாட்டாங்க, எல்லைக் கடல், கடத்தல், எல்லாம் சேந்த இடம். காரணம் நியாயமானதுதான், அதனால அத மொதல் ரவுண்டுலயே அடிச்சாச்சு. யாராவது ரிசார்ட்ல சொல்லி ராத்திரி கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா நம்பிப் போகாதீங்க.

அரியமான் பீச்சு அழகான இடம், குடும்பத்தோட போறதுக்கு. ஆனா அது பாக் நீரிணைப் பக்கம், கடல் வடக்க இருக்கு. தெக்க என்எச், ரயில் தண்டவாளம், கிட்டத்துலயே உச்சிப்புளி, மண்டபம். நமக்கு வேண்டியதுக்கு நேர் தலைகீழ். தேவிபட்டினத்துக்கு மேல சொன்ன 83 சதவீதமே போதும், ராமநாதபுரம் அதுக்குத் தெக்க தென்மேற்கா உக்காந்திருக்கு, தெக்குச் சிலுவை சாயற பக்கமெல்லாம் மங்கல். திருப்பாலைக்குடி, காரங்காடுன்னு வடக்க போகப் போக கொஞ்சம் பரவால்ல, கிழக்க கடல் மேல கார்த்திகைக் கூட்டம் உதிக்கறத பாக்கணும்னா காரங்காடு பக்கம் நல்லாவே இருக்கும், அது வேற கணக்கு.

புதுமடம், பெரியபட்டினம் பக்கம் தெக்கு சுத்தமா கடல். எதுக்க இருக்கற தீவுங்க எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவச் சேந்தது, 21 தீவு, ஆள் குடியிருப்பு இல்ல, லைட்டும் இல்ல. ஆனா உச்சிப்புளில ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் பக்கத்துலயே இருக்கு. கூட்டமா போறப்ப நட்சத்திரம் காட்ட பச்சை லேசர் பாயின்டர் அடிக்கற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு உண்டு, விமானம் எறங்கற வழில அத அடிக்கறது விளையாட்டு இல்ல, பைலட்டுக்குக் கண்ணு கூசிப் போயிரும், கேஸும் வரும். லேசர் இல்லாம ரெண்டு மூணு பேரா போறவங்களுக்கு இந்த இடம் ஓகே. சேதுக்கரையும் தெக்குப் பாத்த கடல்தான், அங்க சிக்கல் அமாவாசை. நமக்கு நெலா இல்லாத ராத்திரிதான் வேணும், ஜனத்துக்கும் அதே நாள்தான் தர்ப்பணத்துக்கு வேணும். தை, ஆடி, மகாளய அமாவாசைல விடியறதுக்கு முன்னாலயே பஸ்ஸும் வேனும் ஹெட்லைட்ட அடிச்சுக்கிட்டு வந்து நிக்கும். ராமேஸ்வரம் ரோடு முழுக்க அதே கதைதான். அதனால அந்த மூணு அமாவாசைக்கும் ரெண்டு மூணு நாள் தள்ளி, தேய்பிறைக் கடைசிலயோ வளர்பிறை ஆரம்பத்துலயோ போறதுதான் புத்தி, தேய்பிறைன்னா பிறை விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் எந்திரிக்கும், வளர்பிறைன்னா சாயங்காலமே எறங்கிரும், ராத்திரி நம்மளது.

மிச்சம் நின்னது வாலிநோக்கத்துல இருந்து மாரியூர், மூக்கையூர் வரைக்கும் போற கரை. ராமநாதபுரம் மாவட்டத்துலயே ஆள் நடமாட்டம் கம்மியான கடற்கரை இதான்னு எனக்குத் தோணுது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தமிழ்நாடு அரசு உப்பு நிறுவனத்தோட உப்பளம், நடுவுல பனை, சீமைக்கருவேல், தேரி மாதிரி மணல் மேடு. தெக்க நேரா பாத்தா நெலமே கெடையாது, தெறந்த கடல். தூத்துக்குடி மட்டும் தென்மேற்குல 73 கிலோமீட்டர்ல இருக்கு, வாக்கர் கணக்குப்படி 5 சதவீதம், அடிவானத்துல ஒரு வெளிறின திட்டா தெரியும். மூக்கையூர் பக்கம் போகப் போக அந்தத் திட்டு பெருசாகும், அதோட அங்க மீன்பிடி துறைமுகம் வந்ததுல இருந்து லைட்டு இருக்கு. அதனால வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் நடுவுலன்னு முடிவாச்சு.

வழி ரெண்டு. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி சுத்தி வரலாம், பரமக்குடி வரைக்கும் நாலு வழி ரோடு, ஓட்டறதுக்கு சொகம். இல்ல அருப்புக்கோட்டை, கமுதி, சாயல்குடி வழியா குறுக்க எறங்கலாம், தூரம் கம்மி மாதிரி தெரியும், ஆனா பொழுதடைஞ்சா ரோட்டுல மாடும் ஆடும் படுத்துக் கெடக்கும். போறப்ப வெளிச்சத்துல குறுக்கு வழி, திரும்பறப்ப சுத்து வழிங்கறது எங்க முடிவு.

இடத்தோட சரியான லொக்கேஷன நான் போடப் போறதில்ல, ஏன்னா அது ஒருத்தரோட பனங்காட்டு ஓரம். மொதத் தடவை அங்க டெலஸ்கோப்ப எறக்கறப்ப அவரு டார்ச்சு அடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு.

“என்ன தம்பி, பொழுதடைஞ்ச நேரத்துல குழாயத் தூக்கிட்டு வந்திருக்கீக?”

“நட்சத்திரம் பாக்க வந்தோம் காக்கா (அண்ணே).”

“ஏன், மதுரைல நட்சத்திரம் இல்லையாக்கும்?”

“இருக்கு காக்கா, லைட்டு விடமாட்டேங்குது.”

சிரிச்சுட்டு அங்கனயே உக்காந்துட்டாரு. வியாழனையும் அதச் சுத்தி இருக்கற நாலு நெலாவையும் பாத்துட்டு, இது நெசமாவே அங்கதான் இருக்கா இல்ல குழாய்க்குள்ள படம் ஒட்டிருக்கியளான்னு கேட்டாரு. எங்களுக்கு எந்த மேப்பும் சொல்லாத விஷயம் அவருகிட்டதான் கெடச்சுது: தெருமுனை ஹைமாஸ்ட் விடிய விடிய எரியும், ஆனா அந்த மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்தா அது மறைஞ்சிரும். கடைத்தெரு லைட்டு பத்து, பத்தரைக்கெல்லாம் அணைஞ்சிரும். உப்பளத்துல பாத்தி மேல காஞ்ச மாதிரி தெரியற எடத்துல மட்டும் வண்டிய விட்றாதீக, மேல பொருக்கு, கீழ சேறு, டிராக்டரு வந்தாத்தான் வெளிய எடுக்க முடியும்னாரு. இந்த மாதிரி ஒரு ஆள் தெரிஞ்சிருக்கறது நல்ல லென்ஸ விட ஒசத்தி.

போலீஸ் விஷயமும் சொல்லிரணும். இந்தக் கரைல ராத்திரி நேரம் செவப்பு லைட்டு வச்சுக்கிட்டு கடலப் பாத்து ஒரு குழாயோட நாலு பேரு நின்னா, பாக்கறவங்களுக்கு என்ன தோணும்? கடலட்டை, கஞ்சா, தங்கம், என்ன வேணாலும் நெனைக்கலாம், நெனைக்கறதுல தப்பும் இல்ல. அதனால சாயங்காலமே அந்தப் பகுதி மெரைன் போலீஸ் ஸ்டேஷன்ல போய் வண்டி நம்பர், ஆள் எண்ணிக்கை, எத்தன மணி வரைக்கும்னு சொல்லி ஆதார் காப்பி குடுத்துட்டு வந்துருவோம். ரோந்து வந்தா சனி கோளக் காட்டுவோம், வளையத்தப் பாத்ததும் பேச்சே மாறிரும். டிரோன் மட்டும் எடுத்துட்டுப் போகவே கூடாது.

இருட்டு எவ்ளோன்னு எப்டி சோதிச்சோம்? 2001ல ஜான் போர்ட்டில் போட்ட ஒம்போது படி அளவுகோலத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. மேல்நாட்டு கையேடுல இன்னொரு வழியும் போட்டிருக்கும், துருவ நட்சத்திரம் இருக்கற சின்னக் கரடிக் கூட்டத்துல எத்தன நட்சத்திரம் தெரியுதுன்னு எண்ணச் சொல்லி. இங்க அது வேலைக்கு ஆவாது, துருவ நட்சத்திரமே 9 டிகிரில கெடக்கு, அவ்ளோ கீழ தூசியும் ஈரமுமே பாதிய முழுங்கிரும். நம்ம ஊருக்கு நான் சொல்ற சோதனை வேற. மாசி, பங்குனில பூச நட்சத்திரம் தலைக்கு மேல வரும், அது ஒத்த நட்சத்திரம் இல்ல, பீஹைவ்ங்கற கொத்து. பைனாகுலர் இல்லாம அது மேகத்துணுக்கு மாதிரி தெரிஞ்சா உச்சி வானம் நல்லாருக்கு. மதுரைல எங்க மொட்டை மாடில அங்க ஒண்ணுமே இருக்காது. தெக்குக்கு ஒமேகா சென்டாரி, வெறுங்கண்ணுல பஞ்சு ஒட்டுன நட்சத்திரம் மாதிரி தெரியணும். அதத் தாண்டி கஷ்டமான பரிச்சை, தெக்குச் சிலுவைக்குப் பக்கத்துல கரிமூட்டைன்னு சொல்ற கருப்புத் திட்டு. பால்வீதி வெளிச்சம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அதுக்குள்ள ஓட்டை தெரியும். வாலிநோக்கத்துல மூணும் தெரிஞ்சுது, கரிமூட்டை மட்டும் ஈரம் கம்மியான ராத்திரில. பெரிய மெகல்லானிக் மேகம் இங்க 11 டிகிரிதான் ஏறும், கடலுக்கு மேல கீழ ஏழெட்டு டிகிரி எப்பவுமே புகையா இருக்கும், அத எதிர்பாத்துப் போகாதீங்க.

எப்பப் போறதுங்கறதுல எங்களுக்குள்ள இன்னும் சண்டை இருக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை, பேச்சே இல்ல. ஆனி, ஆடில மழை கெடையாது, ஆனா கச்சான் காத்து மணல அள்ளி மூஞ்சில அடிக்கும், ட்ரைபாட் ஆடும். தையில இருந்து பங்குனி வரைக்கும் வானம் தெளிவு, குளிரும் தொந்தரவு இல்ல, சாயங்காலமே அகத்தியர் தெக்க நிக்கும், தெக்குச் சிலுவைக்கு மட்டும் நடுராத்திரி வரைக்கும் முழிச்சிருக்கணும். நான் சித்திரைக்கு ஓட்டு போடறவன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும் போகும், அடிவானத்துல அசையற லைட்டு அவ்ளோ கொறஞ்சிரும். அதே நேரத்துலதான் சிலுவையும் ஒம்போது, பதினொரு மணிக்கு நேர் தெக்க உச்சிக்கு வருது, புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போலாம். புழுக்கம் இருக்கும், மேக்க இடி மேகம் மின்னும், அது ஒரு விலை. பின்னிரவுல தென்கிழக்குக் கடல்ல இருந்து தேளும் பால்வீதியோட நடுப்பகுதியும் எந்திரிச்சு வரும்போது அந்த விலை கொடுத்தது தெரியவே தெரியாது.

சாமான் பத்தி ரொம்ப சொல்றதுக்கில்ல. 10x50 பைனாகுலர் ஒண்ணும் பாயும் போதும். உப்புக் காத்துதான் எதிரி. பதினொரு மணிக்கு மேல லென்ஸ்ல ஈரம் படியும், அது வெறும் தண்ணி இல்ல, உப்புத் தண்ணி. அத துணியால தேய்ச்சா கோட்டிங் போயிரும், ஊதி விட்டு காய வச்சு வீட்ல வந்துதான் தொடைக்கணும், ட்ரைபாட் காலை நல்ல தண்ணில கழுவணும். டார்ச்சுக்கு செவப்பு செலோபேன் சுத்திக்கங்க, கண்ணுக்காக மட்டுமில்ல. தை முதல் பங்குனி வரைக்கும் பங்குனி ஆமை கரையேறி முட்டை போடற காலம், வெள்ளை லைட்டப் பாத்தா குஞ்சு கடலுக்குப் போகாம வெளிச்சத்தப் பாத்து ஊருக்குள்ள போயிரும். ஆமைத் தடம் தெரிஞ்சா அந்த இடத்த விட்டு எறநூறு அடி தள்ளிப் போய் உக்காருங்க.

திருச்சி, புதுக்கோட்டை ஆளுங்க இந்தக் கரைக்கு எறங்கணும்னு அவசியமில்ல, தூரம் கட்டாது. அவங்களுக்கு தொண்டிப் பக்கம் பாக்கலாம், அங்க கரை சாஞ்சு போறதுனால நேர் தெக்க கொஞ்ச தூரம் பாக் நீரிணைத் தண்ணி கெடைக்கும், ராமநாதபுரம் 45 கிலோமீட்டர்ல தென்மேற்கா ஒதுங்கிரும். கணக்குப்படி 4, 5 சதவீதம்தான். தொண்டி டவுனு லைட்டுக்கு எவ்ளோ தெக்க தள்ளி உக்காரணும்ங்கறத மட்டும் பகல்ல ஒரு நாள் போய் பாத்துட்டு வந்துருங்க, ஹைமாஸ்ட் எங்கெங்க நிக்குதுன்னு பகல்லதான் சுளுவா எண்ண முடியும்.